ப்ளேன் போன நேரம் கணக்கில் சேராது

போன வாரம் பிரபாகர் போன் செய்தார். எங்கள் வட்டாரப் பள்ளிகளின் விவாதப் போட்டிக் குழுவுக்கு இப்போது அவர்தான் செயலாளர். என் மகனைவிட வயதில் சிறியவர், எங்கள் காலத்து ஆட்கள் எல்லோரையும்விட வேகமானவர். போட்டி விதிகளைப் புதுப்பிக்கிறார்களாம்.

"சார், பதினோராவது விதியைப் படிச்சுட்டு கமிட்டில எல்லாரும் சிரிச்சாங்க. ப்ளேன் வந்தா கொடி தூக்கணும், பேச்சும் நிக்கணும், கடிகாரமும் நிக்கணும்னு போட்டிருக்கு. அதுக்குக் கீழ ஒரு உட்பிரிவு இருக்கு, அது யாருக்குமே புரியல. இப்ப நடத்துறது ஏ.சி. ஹால்ல. கதவைச் சாத்தினா ப்ளேன் சத்தமே கேக்காது. ரெண்டையும் எடுத்துடலாமா சார்?"

எழுதித் தருகிறேன் என்றேன். போனில் சொன்னால் நடுவிலேயே "ஓகே சார்" என்று வைத்துவிடுவார். தாளில் எழுதினால் கடைசிவரை படிப்பார் என்று ஒரு நம்பிக்கை.

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். விவாதத்துக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம் என்னிடம் இருந்த ஸ்டாப்வாட்ச். எண்பதுகளில் அது அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. நூறு மீட்டர் ஓட்டத்துக்கு வாங்கியதை விவாதப் போட்டிக்கு இரவல் கேட்டார்கள். பள்ளிச் சொத்தைத் தனியாக அனுப்ப முடியாது என்று எங்கள் தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டதால் அதற்குத் துணையாக நானும் போனேன். போனவன் ஓய்வு பெறும்வரை திரும்பவில்லை. பி.டி. சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் மணியடிக்கிற சார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

குழுவின் செயலாளர் அப்போது தேவசகாயம் சார். குரோம்பேட்டையில் வீடு, தமிழாசிரியர், முழுக்கைச் சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும், அதை விரித்து நான் பார்த்ததில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளையைக்கூட "வாங்க, போங்க" என்பார். யாரையும் திட்ட மாட்டார். பிடிக்காத எதைக் கேட்டாலும் "விதியில் இல்லைங்க" என்பார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

என்னை வேலைக்கு எடுத்ததே ஒரு பரீட்சை வைத்துத்தான். காலியான வகுப்பறையில் என்னை மேசையில் உட்காரவைத்து, தான் பேசப்போவதாகவும் நேரம் பார்க்கும்படியும் சொன்னார். உழைப்பின் உயர்வு பற்றிப் பேசினார். நேரம் முடிந்ததும் மணியடித்தேன். அவர் நிறுத்தவில்லை. மறுபடி அடித்தேன், அப்போதும் நிறுத்தவில்லை. பெரியவராயிற்றே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பேச்சை விட்டுவிட்டு வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். "என்னையே நிறுத்தலைன்னா சீஃப் கெஸ்ட்டை எப்படிங்க நிறுத்துவீங்க?" என்றார். மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை அவர் உட்காரும்வரை மணியை விடவில்லை. அவ்வளவுதான் என் பயிற்சி.

சீஃப் கெஸ்ட் விஷயத்தில் அவர் சொன்னது பிறகுதான் புரிந்தது. வாழ்த்துரைக்கு ஐந்து நிமிடம் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்திருப்போம். ஒரு தடவை வந்தவர் தன் பள்ளிப் பருவத்தில் ஆரம்பித்து, கல்லூரிப் பருவத்துக்குள் நுழையும்போது நான் மணியடித்தேன். அவர் காப்பி வந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டார். காப்பி எங்கள் ஏற்பாட்டில் இல்லை. தேவசகாயம் சார் ஓடிப்போய் வாங்கிவரச் சொன்னார். வாழ்நாளில் அவர் விதியை மீறியதாக எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

விதிகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. இரண்டு அணிகள். ஒன்று தலைப்பை ஒட்டிப் பேசும், மற்றது வெட்டிப் பேசும். அணிக்கு இரண்டு பேர். ஒட்டி ஒருவர், வெட்டி ஒருவர், மறுபடி ஒட்டி ஒருவர், கடைசியாக வெட்டி ஒருவர். ஆளுக்கு நான்கு நிமிடம். மூன்றாவது நிமிடம் முடிந்ததும் ஒரு மணி, நான்காவது முடிந்ததும் இரண்டு மணி. இரண்டாம் மணி அடித்தபின், அதற்குமுன் ஆரம்பித்த வாக்கியத்தை முடித்துக்கொள்ளலாம், புதிதாக ஒன்றைத் தொடங்கக்கூடாது. பேசி உட்கார்ந்தவர் மறுபடி எழக்கூடாது. மைக் கிடையாது. நடுவர்கள் அரங்கத்தின் கடைசி வரிசையில் இருப்பார்கள், அங்கே கேட்டால்தான் அது பேச்சு.

ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கலாம் என்ற இடத்தில் பிள்ளைகள் புகுந்து விளையாடினார்கள். இரண்டாம் மணி கேட்டதும் "ஆகவே" போட்டு, பிறகு "என்பதனால்" போட்டு, "அதுமட்டுமன்றி" போட்டு, மூச்சு இருக்கும்வரை ஒரே வாக்கியமாக ஓட்டுவார்கள். முற்றுப்புள்ளி வராமல் நான் நிறுத்த முடியாது. சேலையூர்ப் பையன் ஒருவன் அப்படி இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் எழுவாயை மறந்து அழுதுவிட்டான்.

தாம்பரத்துக்கென்று வந்த விதிதான் அந்தப் பதினோராவது. எங்கள் அரங்கத்துக்கு மேலே பக்கத்து விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் வட்டமடிக்கும். தாழப் பறந்தால் ஓடு அதிரும். அதனால் விமானம் வந்தால் நான் கடிகாரத்தை நிறுத்தி, விளையாட்டு விழாச் சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடிப்பேன். பேசுகிறவர் நிறுத்த வேண்டும். கொடி இறங்கியதும் கடைசி வாக்கியத்திலிருந்து தொடரலாம். சத்தத்தில் பேசியது பேசாததாகவே கொள்ளப்படும்.

கேட்க எளிதாக இருக்கிறது. மனப்பாடம் செய்து வந்த பிள்ளைகளுக்கு அது நரகம். நடுவில் நிறுத்தினால் நடுவிலிருந்து ஆரம்பிக்கத் தெரியாது. கொடி இறங்கியதும் முழித்துவிட்டு, "பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே" என்று முதலிலிருந்து தொடங்குவார்கள். ஒரே காலையில் மூன்று தடவை வணக்கம் வாங்கிய நடுவர்கள் உண்டு.

இதில் பல்லாவரத்துப் பெண்கள் பள்ளியை யாராலும் அசைக்க முடியாது. பக்கத்து விமான நிலையத்துக்குப் போகும் ஜெட் விமானம் அவர்கள் பள்ளிக்கு மேலே சக்கரம் தெரிய இறங்கும். அந்தப் பிள்ளைகள் பேச்சு கற்றதே விமானத்துக்கு நடுவில்தான். "வீட்டுப்" என்று நிறுத்துவார்கள், கொடி இறங்கியதும் "பாடம்" என்று தொடருவார்கள். காதும் அப்படித்தான். எவ்வளவு இரைச்சலிலும் எதிரில் இருப்பவர் பேசுவது அவர்களுக்குக் கேட்கும்.

அந்தப் பள்ளிப் பெண் கஸ்தூரி. தோல் பதனிடும் கம்பெனியில் வேலை செய்தவரின் மகள், பத்தாம் வகுப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் இறுதிப் போட்டிக்கு அவள் அணி வந்தது. காலையில் அவளுடைய ஸ்டெல்லா டீச்சர் என் மேசைக்கு வந்து கவலையோடு நின்றார்.

"கப் வாங்கிட்டு வரலைன்னா பேச்சு மன்றத்தை மூடிடுவேன்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க சார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கணக்குக்குப் போயிடும். பிள்ளைங்களுக்கும் தெரியும்."

அந்த ஒரு மணி நேரம்தான் மன்றம். வாரம் முழுக்கக் கையைக் கட்டி உட்காருகிற பிள்ளைகள் எழுந்து நின்று எதிர்த்துப் பேசலாம் என்று அனுமதி பெற்ற ஒரே நேரம். நான் கணக்குக்கு எதிரியல்ல. ஆனாலும் அந்தக் கப் பல்லாவரத்துக்குப் போகட்டும் என்று இருந்தது. டைம்கீப்பர் யார் பக்கமும் சாயக்கூடாது என்பதால் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

எதிரணி நகரத்திலிருந்து விருந்தினராக வந்த பையன்கள் பள்ளி. மின்சார ரயில் தாமதமாகி, தேவசகாயம் சார் விதிகளை வாசித்து முடித்தபின் வந்து சேர்ந்தார்கள். விதிகளை மறுபடி வாசிக்கட்டுமா என்று அவர் கேட்டதற்கு, தாங்கள் நிறையப் போட்டிகளைப் பார்த்தவர்கள் என்று அவர்களுடைய ஆசிரியர் பெருமையாகச் சொன்னார். சாரும் விட்டுவிட்டார்.

தலைப்பு, வீட்டுப்பாடத்தை நிறுத்த வேண்டும் என்பது. நகரத்து அணி ஒட்டிப் பேசியது, பல்லாவரம் வெட்டிப் பேசியது. முதல் சுற்றில் இரண்டும் சமம். மூன்றாவதாக நகரத்துப் பையன் எழுந்தான். கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன், நல்ல குரல். கடைசி வாதத்துக்கு அவன் வந்தபோது விமானம் வந்துவிட்டது. நான் கடிகாரத்தை நிறுத்திக் கொடியைத் தூக்கினேன்.

அவர்கள் ஊர்ப் போட்டிகளில் சிவப்பைக் காட்டினால் நேரம் முடியப்போகிறது என்று அர்த்தமாம். பையன் கொடியைப் பார்த்ததும் நிறுத்துவதற்குப் பதில் பேய் துரத்துவதுபோல் வேகம் பிடித்தான். வாய் அசைந்தது, கை அசைந்தது, ஓடு அதிர்ந்தது. கடைசி வரிசையில் நடுவர்கள் காதில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். விமானம் போய்ச் சத்தம் அடங்கும்போது அவன் வணக்கம் சொல்லி, உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என் கடிகாரத்தில் அவனுக்கு இன்னும் நேரம் மீதியிருந்தது.

அவன் ஆசிரியர் எழுந்துவிட்டார். பையனின் முக்கியமான வாதமே அதுதான், மறுபடி சொல்ல விடவேண்டும் என்றார். தேவசகாயம் சார் குடையை நாற்காலியில் சாய்த்துவிட்டு எழுந்து, உட்கார்ந்தவர் எழ விதியில் இல்லைங்க என்றார். சத்தத்தில் பேசியது? அது பேசாததுங்க. பையன் முகம் செத்துப்போனது. எனக்குச் சாரின் மேல் கோபமே வந்தது. விதி விதிதான், ஆனால் ஒரு பிள்ளையின் முகத்தையும் பார்க்க வேண்டாமா?

கடைசியாகக் கஸ்தூரி. அவளுக்கு வேலை சுலபம். எதிரணியின் பெரிய வாதம் காற்றோடு போய்விட்டது, தயாரித்து வந்ததைப் பேசிவிட்டு உட்கார்ந்தால் கப் பல்லாவரத்துக்கு. நன்றாகத்தான் பேசினாள். செந்தமிழ், நிமிர்ந்த தலை. ஸ்டெல்லா டீச்சர் ஜெபம் செய்வதுபோல் கைகோர்த்திருந்தார். நான் முதல் மணியடித்தேன். ஒரு நிமிடம் பாக்கி.

"எனக்கு முன் பேசிய நண்பர் கடைசியில் சொன்னது நடுவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அதைச் சொல்லிவிட்டுப் பதில் சொல்கிறேன்" என்றாள்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பெஞ்சு, ஒரே போர்டு, ஒரே வெளிச்சம். வீட்டில் அப்படி இல்லை. ஒரு பிள்ளைக்கு மேசை இருக்கிறது, இன்னொரு பிள்ளைக்கு உட்கார இடமே இல்லை. அதுவரை செந்தமிழில் வந்தவள் அங்கே தடுக்கினாள். பிறகு அவள் பேச்சு வேறாகிவிட்டது.

"எங்க வூட்ல ஒரே ரூம். தண்ணி லாரி எப்ப வரும்னு தெரியாது. வந்துச்சுன்னா நோட்டை மூடிட்டு குடத்தைத் தூக்கிகினு ஓடணும். திரும்பி வந்தா எல்லாரும் படுத்துகினு இருப்பாங்க, லைட்டு போட முடியாது. மறுநாள் டீச்சர் நோட்டைத் திருத்துவாங்க. அவர் சொன்னது இதான். அவங்க திருத்துறது நோட்டை இல்ல. வூட்டை."

தண்ணீர் லாரியை அந்தப் பையன் சொல்லியிருக்க மாட்டான். அவன் வீட்டுக்குக் குழாயில் தண்ணீர் வந்திருக்கும். அவன் வாதத்தை அவனைவிட நன்றாக அவள் சொல்லிவிட்டாள்.

என் கடிகாரத்தில் முள் நெருங்கிவிட்டது. ஒரு விமானம் வந்தால் போதும், கொடியைத் தூக்கிவிடலாம், அவளுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். நாளெல்லாம் தலைக்கு மேலே சுற்றிய விமானிகளுக்கு அன்றைய பாடம் முடிந்துவிட்டதுபோல. ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்காகூடப் பறக்கவில்லை. அத்தனை வருஷம் நான் சபித்த சத்தத்துக்காக அன்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இதற்கு எங்கள் பதில்" என்று அவள் ஆரம்பித்தபோது இரண்டு மணி அடித்தேன்.

ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கலாம். அது அவளுக்கும் தெரியும். ஆகவே போட்டு, அதுமட்டுமன்றி போட்டு, அவள் மூச்சுக்கு அரை நிமிடம் ஓட்டியிருக்கலாம். கஸ்தூரி வாயைத் திறந்தபடி ஒரு கணம் நின்றாள். பிறகு "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நடுவர்கள் குழம்பிப்போய்த் தேவசகாயம் சாரைக் கூப்பிட்டார்கள். கேட்காமல் போன வாதம் இப்போது கேட்டுவிட்டதே, அதை என்ன செய்வது என்றார்கள். அவர் விதித் தாளை எடுத்துப் பார்த்தார். "விமானம் போகும்போது பேசினது சேராதுங்க. போனப்புறம் அவையில கேட்டது சேரும். யார் வாயால கேட்டதுன்னு விதியில இல்லைங்க" என்றார். வாதம் பையன் கணக்குக்குப் போனது. கப்பும் போனது.

திரும்பும்போது தாம்பரம் ரயில் நிலையத்தில் எல்லோரும் ஒன்றாக நின்றோம். தேவசகாயம் சார் சற்றுத் தள்ளிக் குடையை ஊன்றி நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. வாக்கியத்தை ஆரம்பித்தவள் ஏன் முடிக்கவில்லை என்று கஸ்தூரியிடம் கேட்டேன்.

"பதில் இருந்தாத்தானே சார் முடிக்கிறதுக்கு? யோசிச்சுகினே இருந்தேன், வரல. ஒரு ப்ளேன் வந்தா யோசிக்கலாம்னு பாத்தேன், அதுவும் வரல."

"பதில் இல்லாததை எதுக்கும்மா எடுத்துச் சொன்ன?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "கேட்டுச்சே சார். கேக்காத மாதிரி எப்படி நிக்கிறது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. செங்கல்பட்டு வண்டி எப்போது வரும் என்று பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாங்கள் போக வேண்டிய திசை அதுவல்ல.

அடுத்த வெள்ளிக்கிழமை தேவசகாயம் சார் என்னைப் பல்லாவரத்துக்கு வரச்சொன்னார். வெள்ளிக்கிழமை அங்கே சந்தை. பழைய டைனமோ, உடைந்த சைக்கிள், முயல் கூண்டு, கிளிக்கூண்டு எல்லாவற்றுக்கும் நடுவில் கழுத்துப் பொத்தானோடு அவர் நடந்தார். இரண்டு பேர் குடைக்கு விலை கேட்டார்கள்.

பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியை எங்களை உட்காரச் சொன்னார். வெள்ளிக்கிழமைக் கடைசி பீரியட் இனி உங்களுக்கு என்று கணக்கு டீச்சரிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று என்பது பேச்சிலேயே தெரிந்தது. தேவசகாயம் சார் மன்றத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து இறுதிப் போட்டியை இந்தப் பள்ளியில் நடத்தக் குழு விரும்புவதாகச் சொன்னார். அழைப்பிதழில் பள்ளியின் பெயர், தலைமை ஆசிரியையின் பெயர், வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாம் இங்கே வரும். தலைமை ஆசிரியை அம்மாவின் முகம் மலர்ந்தது. உடனே ஒரு விமானம் இறங்கி மேசைக் கண்ணாடி கிடுகிடுத்தது. சத்தம் போகும்வரை மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இங்க இப்படித்தான் சார் நாள் பூரா. பேச்சுப் போட்டிக்கு இது சரிப்படுமா?"

"அதுக்கு விதி இருக்குங்க. ஒண்ணே ஒண்ணு. நடத்துற பள்ளியில பேச்சு மன்றம் இருக்கணும், வாரம் ஒரு பீரியட் நடக்கணும். அதுவும் விதிங்க."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கணக்குக்கு வேறு நாளில் இடம் பார்க்கிறேன் என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு விதியை நான் பார்த்ததேயில்லையே, எங்கே இருக்கிறது?

"இன்னிக்கு ராத்திரி எழுதணுங்க" என்றார் தேவசகாயம் சார். விதியில் இல்லைங்க என்று ஊரையே மடக்கிய மனிதர். சந்தைக் கூட்டத்தில் நின்று நான் சிரித்த சிரிப்பில் கிளிக்காரர் பயந்துவிட்டார்.

அன்றைக்கு அவர் இரண்டு விதி எழுதினார். இரண்டாவதுதான் பிரபாகருக்குப் புரியாத அந்த உட்பிரிவு. சத்தத்தில் மூழ்கிய எதிரணி வாதத்தை ஒருவர் எடுத்துச் சொன்னால், சொல்வதற்கு ஆகும் நேரம் அவருடைய கணக்கில் சேராது. பிள்ளைகள் அதைக் கஸ்தூரி விதி என்பார்கள்.

அடுத்த ஆண்டு பல்லாவரத்தில் தேவசகாயம் சார் விதிகளை வாசித்தார். நகரத்துப் பள்ளி முதல் ரயிலிலேயே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. "சத்தத்தில் மூழ்கிய எதிர" என்று அவர் வாசிக்கும்போது ஜெட் வந்துவிட்டது. நான் கொடியைத் தூக்கினேன். விரலைத் தாளில் வைத்தபடி நின்றார். கொடி இறங்கியதும் "ணி வாதத்தை" என்று தொடர்ந்தார். அந்தப் பள்ளிப் பெண்கள் மொத்தமும் கைதட்டினார்கள். கைதட்ட விதியில் இல்லைங்க என்றார். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கஸ்தூரி இன்று காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். என்ன பாடம் என்று கேட்காதீர்கள். கணக்குதான்.

பிரபாகர், இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களை நிறுத்தியே என் காலம் போய்விட்டது, எழுந்து பேசியதே இல்லை. இதற்காகப் பேசுகிறேன். உங்கள் கமிட்டியைக் கூட்டுங்கள், நீங்கள் ஒட்டிப் பேசுங்கள், நான் வெட்டிப் பேசுகிறேன். உங்கள் வாதத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். ஏ.சி. அரங்கத்துக்குள் விமானச் சத்தம் கேட்பதில்லை, உபயோகமில்லாத விதிகள் சேர்ந்தால் பிள்ளைகள் எந்த விதியையும் படிக்க மாட்டார்கள், மொபைல் டைமருக்குக் கொடி பிடிக்கத் தெரியாது. நல்ல வாதம்தான், சரியான பதில் என்னிடம் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்ல ஆன நேரம் என் கணக்கில் சேராது. என் நான்கு நிமிடம் இனிமேல்தான் ஆரம்பம்.